மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் ஊர் 2021-ல் மாநகராட்சி ஆனது. மொத்தம் 48 வார்டுகள். ஊர் வளர்கிற வேகத்துக்கு முடிவெடுக்க ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்பது எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கருத்து. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவருக்கு முழு அதிகாரமும் வேண்டும். இதற்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போடலாமா? இல்லை, மாமன்றத்தில் தீர்மானம் போட்டால் போதுமா?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு கோரிக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பது ஒன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு என்ன அதிகாரம் என்பது இன்னொன்று. சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவதை மட்டும் வாங்கிவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால், ஊர் முழுக்க ஓட்டு வாங்கி வந்த மேயரும் இப்போதிருக்கும் மேயரைப் போல கூட்டத்துக்குத் தலைமை தாங்கிவிட்டுப் போவார்.

உத்தரப் பிரதேசத்தில் மேயரை மக்கள் நேரடியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் நிர்வாக அதிகாரம் அங்கே அரசு நியமிக்கும் அதிகாரியான ஆணையரிடம். கொல்கத்தாவில் நிலைமை தலைகீழ். மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் 1980-ம் ஆண்டின் கொல்கத்தா மாநகராட்சிச் சட்டம் நிர்வாக அதிகாரத்தை மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களும் அடங்கிய மேயர் குழுவிடம் கொடுத்திருக்கிறது. ஆணையர் மேயரின் மேற்பார்வைக்கு உட்பட்டவர். நேரடித் தேர்தல், மேயர் குழு இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது மத்தியப் பிரதேசம். நீங்கள் கேட்பது இந்த மூன்றாவது வகை.

முதலில் வழக்கு. அரசியலமைப்பின் 243ஆர் பிரிவு, கவுன்சிலர்களை வார்டுகளிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்கிறது. மேயர் விஷயத்தில் அப்படிச் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றித் தீர்மானிக்கலாம் என்று 243ஆர்(2)-ல் விட்டுவிட்டது. உள்ளாட்சி என்பது ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 5-வது இனம். இன்ன மாதிரிச் சட்டம் போடு என்று சட்டமன்றத்துக்கு எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஆகவே நேரடித் தேர்தல் கேட்டுப் போடும் பொதுநல வழக்கு, பெரும்பாலும் "அரசுக்கு மனுக் கொடுங்கள்" என்ற ஒரு வரியோடு முடியும். அந்த வரிக்காக வக்கீல் செலவும் ஒரு வருடமும் வேண்டாம்.

நீதிமன்றம் கைகொடுக்கும் இடம் வேறு. 243யூ பிரிவின்படி மாமன்றத்தின் ஆயுள் முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்து 5 ஆண்டுகள். அது முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். கிஷன் சிங் தோமர் எதிர் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. தேர்தலை நேரத்துக்கு நடத்தச் சொல்லி ரிட் மனு (அரசு அமைப்பு தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கோரும் மனு) போட்டால் அதில் வலு உண்டு. நம் மாநிலத்தில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. மாநகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ல். இடையில் 5 ஆண்டுகளுக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆட்சி. மேயர் இல்லாத ஊரில் மேயரின் அதிகாரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சங்கத்தின் வழக்குச் செலவை இதற்காக எடுத்து வையுங்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய மாமன்றங்களின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு வார்டு வரையறை, இட ஒதுக்கீடு என்று ரிட் மனுவோடு போனால் தேர்தல் விஷயங்களில் நீதிமன்றம் தலையிடுவதைத் தடுக்கும் 243இசட்ஜி பிரிவு குறுக்கே நிற்கும். அதன் பிறகு தேர்தல் மனு ஒன்றுதான் வழி.

இனி மாமன்றத் தீர்மானம். போடலாம், ஆனால் அது அரசுக்கு அனுப்பும் வேண்டுகோள் மட்டுமே. சட்டத்தை மாற்றும் சக்தி மாமன்றத்துக்கு இல்லை. இன்னொன்றையும் யோசியுங்கள்: இப்போதைய முறையில் 48 பேரும் ஓட்டுப் போட்டால் 25 ஓட்டு வாங்கியவர் மேயர். அந்த 25 பேரின் பிடியை விட்டுக்கொடுக்கச் சொல்லும் தீர்மானத்தை அதே 25 பேரிடம் எதிர்பார்க்கிறீர்கள். வார்டு அளவில் பகுதி சபை (வார்டுக்குள் ஒரு பகுதியின் வாக்காளர்கள் கூடும் சபை) கூட்டங்களில் கோரிக்கையைப் பதிவு செய்வது இதைவிட எளிது. 2022-ல் அதற்கு விதிகள் வந்துவிட்டன. நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் கோரிக்கை ஏறியதா என்று பார்த்து, நகல் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் மாற வேண்டிய இடம் சட்டமன்றம். தேர்தல் முறையை மாற்றுவது அங்கே கடினமான வேலையே இல்லை. 1996, 2001, 2011 தேர்தல்களில் தமிழ்நாட்டில் மேயர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் மறைமுகத் தேர்தல். 2016-ல் சட்டம் மறைமுகத்துக்கு மாறியது, 2018-ல் நேரடிக்குத் திரும்பியது, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மறுபடி மறைமுகம். இந்த மூன்று மாற்றங்களுக்கும் நடுவில் ஒரு மாநகராட்சித் தேர்தல்கூட நடக்கவில்லை. சில வரித் திருத்தத்தில் வருவது சில வரித் திருத்தத்தில் போகும். இதில் எந்த மாற்றமும் நிர்வாக அதிகாரத்தை ஆணையரிடமிருந்து மேயருக்கு நகர்த்தவில்லை என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று புரிய, உங்கள் தெருவின் மழைநீர் வடிகால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலர் கோரிக்கை வைக்கிறார். உதவிப் பொறியாளர் அளந்து மதிப்பீடு தயாரிக்கிறார். தொகைக்குத் தக்கபடி தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி. பிறகு அது கூட்டப் பொருளாக மாமன்றத்துக்கு வருகிறது. அந்தப் பொருளைத் தயாரித்து வைப்பது ஆணையரின் அலுவலகம். மாமன்றம் அனுமதித்ததும் 1998-ம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர். பணி ஆணையில் கையெழுத்து ஆணையருடையது, பில் தொகையை விடுவிப்பதும் அவரே. மேயர் இந்தப் பாதையில் வருவது கூட்டத்தின் தலைவராகவும், அவசரப் பணி என்றால் முன் அனுமதி தருபவராகவும்தான். அந்த முன் அனுமதிக்கும் மாமன்றம் பிறகு ஒப்புதல் தர வேண்டும். ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திலும் நிர்வாக அதிகாரி ஆணையர்தான்.

ஆகவே மனு எழுதும்போது "மேயருக்கு அதிகாரம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த அதிகாரம் என்று எழுதுங்கள். நிர்வாக அதிகாரம் மேயர் குழுவிடம் இருக்க வேண்டும், ஆணையர் அதன் முடிவுகளை நிறைவேற்றும் அலுவலர் என்று சட்டப் பிரிவே சொல்ல வேண்டும். பட்ஜெட்டை மேயர் குழு தயாரித்து வைக்க வேண்டும். ஆணையர் நியமனத்தில் மேயரின் ஒப்புதல் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் மகாராஷ்டிரத்தில் இருப்பதையாவது கேளுங்கள். அங்கே மொத்த உறுப்பினர்களில் எட்டில் ஐந்து பங்கினர் ஓட்டளித்தால் ஆணையரை அரசு திரும்பப் பெற வேண்டும். 48 பேர் மாமன்றத்தில் அது 30 ஓட்டு. மாமன்றத் தீர்மானத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அரசுக்கு உள்ள அதிகாரத்துக்குக் காரணம் எழுதும் கடமையும் கால வரம்பும் கேளுங்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்க மத்தியப் பிரதேசத்தில் இருப்பது போலத் தனித் தலைவர் இருப்பது நல்லது. பதில் சொல்ல வேண்டியவரே யார் பேசலாம் என்று முடிவு செய்யக் கூடாது.

நேரடித் தேர்தலில் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. மேயர் ஒரு கட்சி, மாமன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்று வந்துவிட்டால் பட்ஜெட்டே நிறைவேறாமல் நிற்கும். குறித்த தேதிக்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் என்ன செய்வது என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைக்கக் கேளுங்கள். முந்தைய ஆண்டின் சம்பளம், குடிநீர், துப்புரவுச் செலவுகள் அதே அளவில் தொடரும் என்ற ஒரு வாசகம் போதும். ஊர் நாறாமல் இருக்கும்.

மேயருக்கு மறுப்பதிகாரம் (மன்றத்தின் தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ) கேட்பதானால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். அமெரிக்காவின் சான் டியேகோ நகரம் 2004-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி வலுவான மேயர் முறைக்கு வந்தது. 2006 ஜனவரியில் 5 ஆண்டுச் சோதனையாகத் தொடங்கினார்கள். மன்றத்தில் 8 உறுப்பினர்கள். ஒரு தீர்மானம் நிறைவேற 5 ஓட்டு. மேயர் அதை மறுத்தால் அந்த மறுப்பை முறியடிக்கவும் அதே 5 ஓட்டு. நிறைவேற்றிய அதே ஐந்து பேர் மறுநாள் மறுப்பையும் தள்ளிவிடலாம் என்றால் அந்த மறுப்புக்கு மதிப்பில்லை. 2010-ல் இந்த முறையை நிரந்தரமாக்கியபோது ஒன்பதாவது வார்டு சேர்த்து, முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6 ஓட்டு என்று மாற்றினார்கள். மன்றத்துக்கென்று தனி பட்ஜெட் ஆய்வாளரையும் அங்கே வைத்தார்கள். இதை நான் மிகவும் பரிந்துரைப்பேன். மேயரின் அலுவலகம் தயாரித்த கணக்கை மேயரின் அலுவலகமே விளக்கினால் கவுன்சிலர் கை தூக்குவதைத் தவிர வேறென்ன செய்வார்?

பதவி நீக்கம் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். மறைமுக முறையில் மேயரின் நாற்காலி கவுன்சிலர்கள் கையில். 2024 ஜூலையில் கோவை, திருநெல்வேலி மேயர்கள் ராஜினாமா செய்தார்கள். அதே மாதம் காஞ்சிபுரம் மேயர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர்கள் வராததால் தோற்றது. கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் மட்டுமே, கவுன்சிலர்களுக்குப் பொருந்தாது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவரைக் கவுன்சிலர்கள் இறக்கலாம் என்று விட்டால் நேரடித் தேர்தலுக்கு அர்த்தமில்லை. இறக்கவே முடியாது என்பதும் ஆபத்து. சத்தீஸ்கரில் நகராட்சித் தலைவரைத் திரும்ப அழைக்க முக்கால் பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். முடிவு செய்வது வாக்காளர்கள். இதையே மாநகராட்சிக்கும் கேளுங்கள்.

எவ்வளவு கேட்டாலும் மேயரின் கைக்கு வராதவையும் உண்டு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் தருகிறது என்றால் உங்கள் மாநகராட்சி அங்கே மொத்தமாக வாங்கும் வாடிக்கையாளர். ஊரின் நில உபயோகத்தை வகுக்கும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டங்களிலும் மேயருக்கு இடம் கேட்க வேண்டும். 243டபிள்யூ பிரிவு பன்னிரண்டாவது அட்டவணையின் 18 பணிகளைக் காட்டி, மாநிலம் இவற்றைத் தரலாம் என்றுதான் சொல்கிறது. தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

மனு யாருக்கு? நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் செயலாளருக்கு ஒன்று. சட்டமன்றத்தின் மனுக்கள் குழுவுக்கு ஒன்று. உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று. அவர் தனிநபர் மசோதா கொண்டுவரலாம், நிறைவேறாவிட்டாலும் விஷயம் அவைக் குறிப்பில் ஏறும். மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டாம். அது இருக்கும் சட்டப்படி தேர்தல் நடத்தும் அமைப்பு. இப்போது திருத்தம் வந்தாலும் நடப்பு மாமன்றத்தை அது கலைக்காது, 243யூ(2) அதைத் தடுக்கிறது. எனவே "அடுத்த பொதுத் தேர்தல் முதல்" என்றே மனுவில் கேளுங்கள்.

மனுவுக்கு முன்னால் ஒரு தகவல் உரிமை விண்ணப்பம் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். கேட்க வேண்டியவை: 2022 மார்ச் முதல் ஆணையர்களாக இருந்தவர்கள், ஒவ்வொருவரும் இருந்த காலம், மாமன்றம் நிறைவேற்றி இன்னும் செயல்படுத்தாத தீர்மானங்களின் எண், தேதி, அரசு நிறுத்திவைத்த அல்லது ரத்து செய்த தீர்மானங்கள், மேயரின் முன் அனுமதியில் நடந்த பணிகளும் தொகையும். "ஏன்" என்று கேள்வி எழுப்பாதீர்கள், ஆவண நகல் கேளுங்கள். காரணம் கேட்டால் அது தகவல் ஆகாது என்று தட்டிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கிடைக்கும் பட்டியலை அப்படியே மனுவோடு இணையுங்கள்.