வாசகர் கேள்வி: பிள்ளைகள் எழுதும் ஆறுதல் கடிதம்

கேள்வி: எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் சபை முதியவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். எல்லாமே ‘கவலைப்படாதீர்கள், கர்த்தர் சுகம் தருவார்!!!’ என்று ஒரே மாதிரி இருக்கின்றன. நிறுத்தற்குறிகளும் தாறுமாறு. எப்படித் திருத்துவது?
– ஆசிரியை, நாசரேத்

பதில்: பேனாவை எடுக்குமுன் பேசவிடுங்கள். ‘இந்தப் பாட்டி உனக்கு என்ன செய்தார்?’ என்று கேளுங்கள். ‘கீர்த்தனை சொல்லிக்கொடுத்தார்’ என்று பிள்ளை சொன்னால், அதுவே கடிதத்தின் முதல் வாக்கியம். வேதாகமத்தில் பிலேமோன் என்ற விசுவாசிக்குப் பவுல் எழுதிய கடிதம் மொத்தம் 25 வசனம்தான். பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவுக்காக மன்றாடுமுன்பே, பிலேமோனால் பரிசுத்தவான்களின் (விசுவாசிகளின்) உள்ளம் இளைப்பாறியதை 7ஆம் வசனத்தில் சொல்லிவிடுகிறார். வகுப்பில் அதை வாசித்துக் காட்டுங்கள்.

‘சுகம் தருவார்’ என்று பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டாம். நோய் நீடித்தால், தம் விசுவாசம்தான் குறைவோ என்று அந்த முதியவர் கலங்கக்கூடும். ‘உங்களுக்காக ஜெபித்தோம்’ என்பது போதும். பெயர் சொல்லி ஜெபித்த பிறகே அதை எழுதவையுங்கள். நோயைப் பற்றிய கேள்விகளும் வேண்டாம். ஐந்தாறு வாக்கியம் தாராளம்.

கடிதத்தை முதலில் வேறு தாளில் எழுதவைத்து, நிறுத்தற்குறிகளை அதில் திருத்துங்கள். அனுப்பும் கடிதத்தில் சிவப்பு மை படவே கூடாது. ‘அன்புள்ள பாட்டிக்கு,’ ‘இப்படிக்கு,’ இரண்டுக்கும் பின் காற்புள்ளி. ‘மேரி, ஜான், தேவா ஆகியோர்’ என்றால் காற்புள்ளி வரும். ‘மேரியும் ஜானும் தேவாவும்’ என்றால் தேவையில்லை. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது வினாக்குறியில். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்பது நேர்க் கேள்வி. ‘எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா கேட்டார்.’ என்பது செய்தி, முற்றுப்புள்ளிதான். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் வேறுபாடு காதிலேயே விழும். உணர்ச்சிக்குறி கடிதத்துக்கு ஒன்று போதும். வசனத்தை வேதாகமத்தைப் பார்த்தே எழுதவேண்டும், மனப்பாடத்தில் சொல் மாறிவிடும். மேற்கோள்குறிக்குள் எழுதி, பக்கத்தில் ‘சங்கீதம் 46:1’ என்று முக்காற்புள்ளியோடு குறிக்கட்டும்.

கேள்வி: இன்லேண்ட் லெட்டருக்குள் பிள்ளை வரைந்த படத்தை வைத்து அனுப்பலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கூடாது. இன்லேண்ட் லெட்டருக்குள் எதையும் வைக்க அனுமதியில்லை. தனிப் படம் அனுப்புவதானால் தபால் உறைதான் வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாளிலேயே கலர் பென்சிலால் வரையட்டும். ஸ்கெட்ச் பேனா மை மறுபக்கம் ஊறி முகவரியைக் கெடுத்துவிடும். முதியவர் கண்ணுக்கு எட்டும்படி பெரிய எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி. 6 இலக்கப் பின்கோடு விடுபடாமல் பாருங்கள். அனுப்புநர் இடத்தில் பிள்ளையின் பெயரோடு ஆலய முகவரியை எழுதினால், பதில் வகுப்புக்கே வந்து சேரும்.