‘கூ’ ஒரு மொழியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொல்லித்தான் ‘கின்-ட்சா-ட்சா’ பார்த்தேன் (1986, சோவியத் படம்). படம் பிடித்தது, மொழி விஷயத்தில்தான் ஏமாற்றம். வேற்றுக்கிரகத்து மொழி என்று சொல்லிவிட்டு, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ‘கூ’ என்கிறார்கள். ‘அவதார்’ படத்துக்கு ஒரு மொழியியலாளர் இலக்கணத்தோடு முழு மொழியே செய்து கொடுத்தாரே, அதற்குப் பக்கத்தில் இது சோம்பேறித்தனமாகத் தெரியவில்லையா?

கே.

அன்புள்ள கே.,

‘அவதார்’ படத்துக்காகப் பால் ஃப்ரோமர் உருவாக்கிய நாவி மொழி பெரிய உழைப்பு, எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் அந்த வசனங்களை வேறு மொழியில் பேசியிருந்தாலும் கதை அப்படியேதான் இருந்திருக்கும், கொஞ்சம் அழகு குறைந்திருக்கும், அவ்வளவுதான். கின்-ட்சா-ட்சாவில் ‘கூ’வை எடுத்துவிட்டால் அந்தச் சமூகமே இல்லை.

ப்ளூக் கிரகத்து ஆட்களுக்கு அடுத்தவர் மனதில் ஓடுவதைப் படிக்கத் தெரியும், அதனால் பேச்சே பெரிதாகத் தேவையில்லை. அப்படியும் எதற்கெல்லாம் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கவனித்தீர்களா? சாட்லான், பட்சாக் என்ற இரண்டு பிரிவுகளுக்கு, தாழ்ந்தவன் மூக்கில் மாட்டிக்கொள்ள வேண்டிய மணிக்கு, ஆளை அடைக்கும் பெட்டிக்கு, சொத்தாக மதிக்கப்படும் தீக்குச்சிக்கு. யார் மேலே யார் கீழே என்று காட்ட எது வேண்டுமோ அதற்குச் சொல் இருக்கிறது, மற்றதெல்லாம் ‘கூ’. இதில் கொடுமை, சாட்லானையும் பட்சாக்கையும் கண்ணால் பிரித்தறியவே முடியாது, கையில் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு விளக்கு ஆரஞ்சா பச்சையா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைச் சொல்தான் தாங்கி நிற்கிறது. இயக்குநர் கியோர்கி டனேலியா இதை யோசித்துச் செய்திருக்கிறார், சோம்பலில் வருவதில்லை இது.

சரி, ஒலியைக்கூடப் புதிதாக உண்டாக்காத ஒரு படம் சொல்கிறேன். யோர்கோஸ் லாந்திமோஸ் 2009இல் எடுத்த கிரேக்கப் படம், ‘டாக்டூத்’. வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேரை வீட்டு மதிலைத் தாண்டவிடாமல் வைத்திருக்கும் பெற்றோர். முதல் காட்சியில் ஒலிநாடாவில் அன்றைய சொற்பாடம் ஓடுகிறது: கடல் என்றால் மரக்கைப்பிடி வைத்த தோல் நாற்காலி, நெடுஞ்சாலை என்றால் பலமான காற்று, சுற்றுலா என்றால் தரை போட உதவும் உறுதியான ஒரு பொருள். பார்க்கும்போது அபத்தமாக இருக்கும். ஆனால் அந்தச் சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: கடல், நெடுஞ்சாலை, சுற்றுலா. மூன்றும் வீட்டைவிட்டு வெளியே போகிற சொற்கள். பெற்றோர் அவற்றைப் பிடித்து வீட்டுச் சாமானாகவும், வந்து போகிற காற்றாகவும் ஆக்கிவிட்டார்கள். அப்புறம் சாப்பாட்டு மேசையில் ஒரு மகள் தொலைபேசியை எடுத்துத் தரச் சொல்வாள், அம்மா உப்பை எடுத்துக் கொடுப்பாள்.