கணவர் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். விவாகரத்து வழக்கு போடாமலே எனக்கும் குழந்தைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்க முடியுமா?

முடியும். விவாகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டம்) 144-ஆவது பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. எந்த மதத்தவரும் மனு போடலாம். இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊரின் குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடலாம். அவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

வேலை இல்லை என்பது தப்பிக்கும் வழி அல்ல. உடல் வலு உள்ளவர் கூலி வேலை செய்தாவது குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2020-இல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புப்படி இருவருமே சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தொகையும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். அதனால் தள்ளிப்போடாதீர்கள். மனுவோடு, வழக்கு முடியும்வரைக்கான இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். அவருடைய பழைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வண்டிப் பதிவு நகல் எது கிடைத்தாலும் சேருங்கள். உங்கள் வருமானத்தை மறைக்க வேண்டாம். பிடிபட்டால் வழக்கே பலவீனமாகும்.

பலர் கோட்டை விடுவது உத்தரவு வந்த பிறகுதான். பாக்கி விழுந்த ஒவ்வொரு மாதத் தொகைக்கும், அது விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நிறைவேற்று மனு (உத்தரவுப்படி பாக்கியை வசூலித்துத் தரக் கேட்கும் மனு) போட வேண்டும். தாண்டினால் இந்தப் பிரிவில் வாரண்ட் கிடைக்காது. அவர் சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி தீராது.

"பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதிக் கேட்டால் கையெழுத்திடாதீர்கள். மணவாழ்வு நீடிக்கும்போது அதைக் காட்டியே உங்கள் கோரிக்கையை மறுக்கலாம். குழந்தைகளின் உரிமையை அது தொடாது.