மேடு பிடிக்காத ஸ்டீபன்சன்

கேள்வி: ரயில் இன்ஜினைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்றுதான் பள்ளியில் படித்தேன். இப்போது இல்லை என்கிறார்களே, எது சரி?

பதில்: இல்லை என்பதுதான் சரி. 1804-லேயே வேல்ஸில் ரிச்சர்ட் டிரெவிதிக் ஓட்டிக் காட்டிவிட்டார். இன்ஜின் ஓடியது, ஆனால் அதன் கனம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளம் உடைந்துகொண்டே இருந்தது. ஸ்டீபன்சன் கெட்டிக்காரர் ஆனது இந்த இடத்தில்தான். சக்கரமும் தண்டவாளமும் புருஷன் பெண்டாட்டி மாதிரி என்பது அவர் கட்சி, ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் திருத்த முடியாது. இத்தனைக்கும் 1816-ல் வில்லியம் லாஷ் என்ற ஆலை முதலாளியோடு சேர்ந்து வார்ப்பிரும்புத் தண்டவாளம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார், இங்கிலாந்தில் அவர் போட்ட ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் பாதை முழுக்க அதையே போட்டிருந்தால் நல்ல காசு. ஆனால் பெட்லிங்டன் ஆலையின் தேனிரும்புத் (எளிதில் உடையாத இரும்பு) தண்டவாளம்தான் மேல், அதையே வாங்குங்கள் என்று கம்பெனிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். தன் வருமானத்துக்குத் தானே வேட்டு வைத்துக்கொண்டார், லாஷோடு உறவும் முறிந்தது. என்னைக் கேட்டால் அவர் பேர் வாங்கிய 'ராக்கெட்' இன்ஜினைவிட இதுதான் பெரிய விஷயம்.

கேள்வி: அவர் எந்தக் கல்லூரியில் பொறியியல் படித்தார்?

பதில்: கல்லூரியா? 18 வயது வரை எழுதப் படிக்கவே தெரியாது. நிலக்கரிச் சுரங்கத்து இன்ஜின்களைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக் கற்றவர். மகன் ராபர்ட்டை மட்டும் விடாமல் படிக்க வைத்தார்.

கேள்வி: ஸ்டீபன்சனின் லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் பாதையை முடிந்தவரை சமமாகப் போட, பாறையை வெட்டி, சதுப்பு நிலத்தைத் தாண்டி அவ்வளவு பாடுபட்டார்களாம். சும்மா ஏறி இறங்கிப் போயிருக்கக் கூடாதா?

பதில்: 1818 வாக்கில் நிக்கோலஸ் வுட் என்பவரோடு சேர்ந்து ஸ்டீபன்சன் இழுவையை அளந்து பார்த்திருந்தார். அன்றைய வண்டியில் சமதளத்தில் ஒரு டன்னை நகர்த்த ஏறக்குறைய 10 பவுண்டு விசை போதும். நூறடிக்கு ஓரடி ஏற்றம், கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அதற்கு மட்டும் இன்னும் 22 பவுண்டு வேண்டும். ஆக மூன்று மடங்குக்கு மேல். ஒரு தடவை மண்ணை வெட்டினால் செலவு அதோடு முடிந்தது, ஏற்றத்துக்கோ வண்டி ஓடுகிற நாளெல்லாம் கரி கொட்டி அழ வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். அதனால்தான் அந்த வழியில் இருந்த சாட் மாஸ் சதுப்பில், உள்ளே விழுந்ததெல்லாம் காணாமல் போனாலும் அசராமல், புதர்ச்செடிகளையும் பின்னிய தட்டிகளையும் பரப்பி, அதன் மேல் பாதையை மிதக்க விட்டார்.

ஆனால் இந்த வைராக்கியம் பிற்காலத்தில் பிடிவாதமாகிவிட்டது. வடக்கே ஸ்காட்லாந்து போக, வட இங்கிலாந்தின் ஷாப் மேடு குறுக்கே நிற்கிறது என்று, மோர்கம் விரிகுடாவில் அணை கட்டிக் கடலோரமாகச் சுற்றிப் போகலாம் என்றார். அவரிடம் தொழில் பழகிய ஜோசப் லாக்தான் 75 அடிக்கு ஓரடி ஏற்றத்தில் நேரே மேட்டின் மேலேயே பாதை போட்டார், 1846-ல் ரயிலும் ஓடியது. இன்ஜின் இத்தனை சீக்கிரம் பலம் பெறும் என்று இன்ஜின் செய்தவரே நம்பவில்லை பாருங்கள். இன்றும் அந்த மேட்டில் ஏறித்தான் ரயில்கள் போகின்றன.