வாசலில் வந்து "செக்கிங்" என்பவர்கள்: கேள்வி பதில்

கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது நுகர்வோர் அமைப்பு ஒன்றில் புகார் எழுதிக் கொடுக்கிறேன். வீடு தேடி வந்து ஏமாற்றுபவர்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சுமதி, தாம்பரம்: அண்ணா, இரண்டு பேர் வந்து "கேஸ் ஆபீஸ்ல இருந்து வர்றோம், கட்டாய செக்கிங்" என்றார்கள். ட்யூபில் சோப்பு நுரை தடவிக் காட்டி, "லீக் இருக்கு, எப்ப வேணா வெடிக்கும்" என்று பயமுறுத்தினார்கள். ட்யூப், பர்னர், ஏதோ பாதுகாப்புக் கருவி என்று 3,800 ரூபாய் வாங்கிப் போய்விட்டார்கள். ஏஜென்சியில் கேட்டால் யாரையும் அனுப்பவில்லையாம்.

பணம் அப்புறம். முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள், ஏஜென்சி மெக்கானிக்கை வரச்சொல்லி அவர்கள் கை வைத்த இடத்தையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் வாசனை வந்தால் எந்த நேரத்திலும் 1906-க்கு அழைக்கலாம்.

அந்த நுரை வித்தையைக் கவனியுங்கள். பிரஷ்ஷால் தேய்த்தால் எந்த ட்யூபிலும் நுரை வரும், கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். லீக் இருந்தால் ஒரே இடத்திலிருந்து குமிழி மறுபடி மறுபடி ஊதிக்கொண்டு வரும். இது தெரியாதவரிடம்தான் அந்த வித்தை பலிக்கும்.

ஏஜென்சி செக்கிங் என்பது பொய்யில்லை, நிஜமாகவே உண்டு. அதனால்தான் நம்பிவிடுகிறோம். வந்தவரிடம் "என் கன்ஸ்யூமர் நம்பர் என்ன, நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். "புக்கைக் கொண்டு வாங்க" என்று வாங்கி, அதைப் பார்த்து எழுதினால் சந்தேகப்படுங்கள், ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ரெகுலேட்டர் டெபாசிட்டுக்குத் தரப்படுவது, எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. அதை வெளியாள் விற்கவே முடியாது. ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூப் ஏஜென்சியிலேயே சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஐந்து வருடம் வரும். மாற்ற வேண்டிய தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும்.

சுமதி மீண்டும்: கழுத்தில் ஐ.டி. கார்டு இருந்ததே அண்ணா?

ஜெராக்ஸ் கடையில் அடித்துத் தருவார்கள், அம்மா. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி கார்டு மட்டும் இருந்தால் போதாது. முன்கூட்டியே கேட்டு, நீங்கள் சம்மதித்த பிறகுதான் நேரடி விற்பனையாளர் வீட்டுக்கு வரலாம்.

ரமேஷ், மதுரை: ஆர்.ஓ. என்ற தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்க வந்தவர் எங்கள் குழாய்த் தண்ணீரில் கம்பி விட்டுக் கரண்ட் கொடுத்தார், இரண்டே நிமிடத்தில் சாக்கடை மாதிரி ஆனது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மா பயந்துபோய் 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். இது ஏமாற்றா, சார்?

நிறம் மாறியது உண்மை. அது உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு என்பதுதான் பொய். அந்தக் கருவியின் கம்பிகளில் ஒரு ஜோடி இரும்பு. தண்ணீரில் உப்புச் சத்து இருந்தால் கரண்ட் பாயும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். நீங்கள் பார்த்த பழுப்பு நிறம் அவருடைய கம்பியில் இருந்து வந்தது! ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

இதற்காக ஆர்.ஓ.வே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை. நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் 1,000-ஐத் தாண்டும், அங்கே ஆர்.ஓ. தேவைதான். 200, 300 இருக்கிற தண்ணீருக்கு அது தண்டச் செலவு. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதியுங்கள். கிருமி இருக்கிறதா என்பதை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது, ஆய்வுக்கூடம்தான் சொல்லும்.

பெயர் வேண்டாம், திருச்சி: மாமனாருக்கு 78 வயது. "பக்கத்துத் தெருவுல வேலை முடிஞ்சது, மெட்டீரியல் மிச்சம் இருக்கு, பாதி விலைக்கு மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃப் அடிச்சுத் தர்றோம்" என்று 40,000 வாங்கினார்கள். முதல் மழையிலேயே ஒழுகுகிறது. போன் ஸ்விட்ச் ஆஃப்.

மிச்ச மெட்டீரியல் கதை ஐப்பசி மழைக்கு முன்னால் நிறைய வரும். அடித்தது வெறும் வெள்ளை சிமெண்ட்டாகவும் இருக்கலாம். உரிந்து வரும் துண்டு ஒன்றை எடுத்து வையுங்கள், போட்டோவும் எடுங்கள்.

ரசீது இருக்கிறதா, யு.பி.ஐ.யில் கொடுத்தீர்களா என்பதைப் பொறுத்துத்தான் வழி. கடை பெயர், விலாசம் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நீங்கள் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லிப் பாருங்கள். விலாசமே இல்லையென்றால் ஆணையத்தால் நோட்டீஸ் அனுப்பமுடியாது. அது போலீஸ் விஷயம்; புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு, பழைய 420. புகாரில் யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். மாமனாரைத் திட்டவேண்டாம். திட்டுவார்கள் என்று பயந்தே பல பெரியவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அதற்குள் ஆள் ஊர் மாறிவிடுகிறான்.

ஃபாத்திமா, வேலூர்: வீட்டுக்கு வந்த ஒருவர் பொருளைத் தவணையில் தருகிறேன் என்று ஆதார் காப்பியும் ஓ.டி.பி.யும் வாங்கிப் போனார். பொருள் வரவில்லை, கடன் வந்ததாக மட்டும் எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது.

இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அதோடு அந்தக் கடன் நிறுவனத்துக்கு "பொருள் வரவில்லை, இந்தக் கடனை மறுக்கிறேன்" என்று மெயில் போடுங்கள். போனில் மட்டும் சொன்னால் ஆதாரம் இருக்காது.

செல்வம், ஈரோடு: கரையானுக்கு மருந்து அடிக்கிறோம் என்று வாசலில் நிற்கிறார்கள். விடலாமா?

கையில் ட்ரில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டி முடித்த வீட்டில் கரையான் மருந்து என்றால், சுவரும் தரையும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளை போட்டு, உள்ளே மருந்தை இறக்கி, சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும். சுவர் மேல் ஸ்ப்ரே அடித்துவிட்டு "பத்து வருஷ கேரண்டி" என்பவரை அனுப்பிவிடுங்கள். மருந்து டப்பாவின் சீல் உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும்.