பூக்கிற மாதமும் போர் போடுகிற மாதமும்: குதிரை ஏன் இருமுகிறது?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் எங்கள் தோட்டத்தில் 9 வயதுக் கத்தியவாரிப் பெண் குதிரை ஒன்று இருக்கிறது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில் வாங்கியது. இரண்டு வருடமாகத் தை பிறந்தால் இருமல் ஆரம்பிக்கிறது, கோடை மழை விழுந்த பிறகுதான் அடங்குகிறது. சவாரி கிளம்பும்போது நாலைந்து தடவை இருமும், தீனி தின்னும்போதும் இருமும். மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை, நன்றாகத் தின்கிறது. மருந்துக்கடையில் வாங்கிய இருமல் டானிக் கேட்கவில்லை. வேலியில் சீமைக் கருவேலம் பூத்துக் கிடக்கிறது, அந்த மகரந்தம்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். மரத்தை வெட்டிவிடலாமா? அலர்ஜிக்கு ஊசி உண்டா?

பதில்: அரிவாளை எடுக்கும் முன் ஒரு கேள்வி. தையில் கருவேலம் பூக்கிறது, சரி. அதே தையில் உங்கள் தோட்டத்தில் வேறென்ன நடக்கிறது? அறுப்பு முடிந்து புது வைக்கோல் வந்து போர் போடுகிறீர்கள். பச்சைப்புல் குறைகிறது, குதிரை காய்ந்த தீனிக்கு மாறுகிறது. நான் பார்த்த பருவ இருமல்களில் பாதிக்கு மேல் பழி பூவின் மேல் விழும், குற்றவாளி போரில் இருக்கும்.

காரணம் துகளின் அளவு. முழு மகரந்தத் துகள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேல் இருக்கும். குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டும்தான். அந்த நீண்ட மூக்கின் ஈரச் சுவரிலேயே பெரிய துகள்களில் பெரும்பகுதி ஒட்டிக்கொள்ளும். ஆனால் வைக்கோலின் நுண்தூசியும் பூசண வித்துகளில் பலவும் 5 மைக்ரானுக்கும் குறைவானவை. அவை நேராக நுரையீரலின் அடிவரை இறங்கும். பனி ஈரத்தோடு கட்டிய வைக்கோல் கட்டைப் பிரித்தால் புகை மாதிரி எழும்புமே, அதுதான். குதிரை அதற்குள் மூக்கை நுழைத்துத்தான் தின்கிறது.

இப்படித் தூசியால் மூச்சுக்குழாய் அழன்று சளி கட்டும் நோயைக் குதிரை ஆஸ்துமா என்கிறோம். முன்பு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். 2016-க்குப் பிறகு லேசானது, கடுமையானது எல்லாம் இந்த ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. நீங்கள் சொல்வது லேசான வகை போலத் தெரிகிறது. ஆனால் அப்படி முடிவு கட்டும் முன் சிலவற்றை விலக்கியாக வேண்டும்.

மூன்று நாள், விடியற்காலையில், ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் கவலையில்லை. 102-ஐத் தொட்டால் இது அலர்ஜிக் கதை இல்லை, தொற்று. குதிரைக் காய்ச்சல் எனப்படும் இன்ஃப்ளூயன்சா 2008-09-இல் இந்தியாவில் பல இடங்களில் பரவியது. தாடைக்கு அடியில் கட்டி வீங்கி மூக்கில் சீழ் வந்தால் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்றுநோய். மூக்கிலிருந்து கெட்டியான மஞ்சள் சளி, ரத்தக் கறை, உள்ளே புண், தோலில் முடிச்சு என்று கண்டால் உடனே அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம், மனிதருக்கும் ஒட்டும். சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டியது, மறைத்தால் வீட்டுக்கே ஆபத்து. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனையைச் செய்கிறது. சந்தையில் வாங்கிய குதிரை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் குதிரைக்கு இரண்டு வருடமாக அதே மாதங்களில் வந்து போகிறது, காய்ச்சலும் இல்லை என்பதால் அதற்கு வாய்ப்பு குறைவு. இன்னொன்று, கழுதையோடு சேர்ந்து மேய்கிறதா? கழுதைக்குத் தொந்தரவு தராத நுரையீரல் புழு குதிரையை மாதக்கணக்கில் இருமவைக்கும். அப்படியென்றால் சாணப் பரிசோதனையோடு புழு மருந்தைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம் மூச்சை எண்ணுங்கள். விலாவுக்குப் பின்னால் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் பார்த்தால் போதும். ஓய்வில் 8 முதல் 16 வரை சாதாரணம். நம் ஊர் மதிய வெயிலில் நல்ல குதிரைக்கே இது கூடும், அதனால் விடியலில் எண்ணுவதுதான் கணக்கு. நின்ற இடத்திலேயே மூக்குத் துளை விரிந்து, மூச்சு விடும்போது வயிறு எக்கி, விலாவோரம் ஒரு கோடு விழுந்தால் நோய் முற்றியிருக்கிறது. ஈறு நீலம் பாய்ந்தாலோ தீனியை விட்டாலோ அன்றைக்கே மருத்துவர் வேண்டும், மறுநாள் வரை பார்க்கக்கூடாது.

இதெல்லாம் இல்லையென்றால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம், செலவு கிடையாது. இருமல் எங்கே வருகிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். லாயத்தில், கூட்டும்போது, தீனி போட்டவுடன் என்றால் வைக்கோல்தான். மேய்ச்சலில் விட்டால் இருமி, உள்ளே கட்டினால் தணிகிறது என்றால் மகரந்தத்தைச் சந்தேகிக்கலாம். அமெரிக்காவின் தென்கிழக்கில், லூசியானா, மிசிசிப்பி பக்கம், வெயில் காலத்தில் மேய்ச்சலிலேயே வரும் ஆஸ்துமா ஒன்று உண்டு. அங்கே புல்வெளியின் மகரந்தமும் பூசண வித்துமே காரணமாகக் கருதப்படுகின்றன, குதிரையை உள்ளே கட்டுவதுதான் வைத்தியத்தின் முதல் படி. உங்களுடையது தீனி தின்னும்போது இருமுகிறது என்பதால் நான் போர்ப் பக்கமே பந்தயம் கட்டுவேன்.

முதல் வேலை, வைக்கோல்போர் லாயத்தை ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள், காற்று வீசும் திசை பார்த்து. பரணில் அடுக்கியிருந்தால் இன்னும் மோசம், அடியில் நிற்கும் குதிரை மேல் நாள் முழுக்கத் தூசி உதிரும். போடுகிற தீனியைத் தண்ணீரில் முக்குங்கள். மேலாகத் தெளித்தால் போதாது, உள்ளே காய்ந்தே இருக்கும். ஒரு ட்ரம்மில் 10 முதல் 20 நிமிடம் முழுக அமுக்கி, வடிய விட்டு உடனே போடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் சூட்டில் அது புளித்துப்போகும். மீதியை எறிந்துவிடுங்கள், வடித்த தண்ணீரையும் குடிக்கத் தராதீர்கள். கறுத்த கட்டு, மக்கிய வாடை வீசும் கட்டு என்றால் முக்கினாலும் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் நெல் வைக்கோலைக் குதிரைக்கு முக்கியத் தீனியாகப் போடுவதே எனக்குப் பிடிக்காது. மாட்டுக்கு ஒத்துவருவது குதிரைக்கு வராது, சத்தும் குறைவு, தண்ணீர் குறைந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். பச்சைப்புல் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. பேரிலேயே குதிரையை வைத்திருக்கும் குதிரை மசாலைக் கொஞ்சம் பயிரிட்டால் கோடை முழுக்கக் கை கொடுக்கும். எதற்கு மாற்றினாலும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கொள்ளு, தவிட்டைக்கூடத் தண்ணீர் பிசறியே வையுங்கள்.

தீனியைத் தரையில் வையுங்கள். உயரத்தில் வலை கட்டித் தொங்கவிடுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தூசி நேரே மூக்கில் கொட்டும். தலை தாழ்ந்தால்தான் சளியும் வடியும். லாரியில் ஏற்றித் தலையை உயரக் கட்டிப் பல மணி நேரம் கொண்டு போகும் குதிரைகள் நுரையீரல் தொற்றோடு இறங்குவதற்கு இதுவும் காரணம். லாயத்தைக் கூட்டும்போது குதிரை வெளியே நிற்கட்டும், தூசி அடங்கிய பிறகு உள்ளே வரட்டும். படுக்கைக்கும் வைக்கோலே போட்டால் பாதி முயற்சி வீண், ரப்பர் விரிப்போ தூசியில்லாத மணலோ பரவாயில்லை. மணல் தரை என்றால் தீனிக்கு அடியில் பாய் போடுங்கள், இல்லாவிட்டால் மணல் வயிற்றுக்குள் போகும். மூத்திர நெடி கண்ணை எரித்தால் அந்த அம்மோனியா குதிரையின் மூச்சுக்குழாயையும் எரிக்கிறது என்று அர்த்தம்.

இவற்றைச் செய்துவிட்டு நாலே நாளில் பலன் தேடாதீர்கள், புண்பட்ட மூச்சுக்குழாய் ஆற மூன்று, நான்கு வாரமாவது ஆகும். அதுவரை நடை மட்டும், ஓட்டம் வேண்டாம்.

அப்படியும் மேய்ச்சலில்தான் இருமுகிறது என்றால் வெயிலும் காற்றும் ஏறிய நேரத்தில் வெளியே விடாதீர்கள். திரும்பியதும் ஈரத் துணியால் முகத்தையும் மூக்கையும் துடையுங்கள். லாயத்தைச் சுற்றியுள்ள பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள், கையுறை, முகக்கவசத்தோடு. அது உங்களையும் படுத்தும்.

மருந்து விஷயத்தில் மனிதர் டானிக்கை நிறுத்திவிடுங்கள். ஒவ்வாமை மாத்திரைகளும் குதிரை ஆஸ்துமாவில் பெரிதாக உதவுவதில்லை. அழற்சியை அடக்குவது ஸ்டீராய்டுதான். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்றவை. பிரெட்னிசோன் என்ற கிட்டத்தட்ட அதே பெயர்க்காரன் குதிரை வயிற்றில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஸ்டீராய்டால் குளம்பு அழற்சி வரும் ஆபத்து உண்டு, அதனால் அளவும் நாளும் மருத்துவர் சொன்னபடிதான். மூச்சுக்குழாயை விரிக்க கிளென்பியூட்டரால் என்ற மருந்தும் கொடுக்கிறார்கள். சினைக் குதிரைக்கு அது கருப்பையைத் தளர்த்தும், ஈனும் காலம் நெருங்கினால் ஆகாது. சினையென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். தூசியைக் குறைக்காமல் இதை மட்டும் கொடுத்தால் விரிந்த குழாய் வழியாகத் தூசி இன்னும் ஆழமாகப் போகும்.

நீங்கள் கேட்ட அலர்ஜி ஊசிக்கு முதலில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய வேண்டும். குதிரைக்கு அதைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் நம்பும்படி இல்லை, அந்தப் பணத்தைத் தீனியில் போடலாம். ஒரு மாதத்தில் குறையவில்லையென்றால் எண்டோஸ்கோப்பில் மூச்சுக்குழாயைப் பார்த்து, நுரையீரலைக் கழுவிய திரவத்தில் செல்களை எண்ணிப் பார்ப்பதே சரியான சோதனை. உங்களுக்குப் பக்கம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. வசதி இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டு வண்டி ஏற்றுங்கள், நோட்டையும் கொண்டு போங்கள்.

சீமைக் கருவேலத்தை வெட்ட வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு, வெட்டுங்கள். ஆனால் பக்கத்துத் தோட்டத்து மரத்தின் மகரந்தமும் காற்றில் வரத்தான் செய்யும். இந்த வாரம் போரை நகர்த்துங்கள். வேலியை ஆனியில் பார்த்துக்கொள்ளலாம்.