காய்களின் தரத்தை மறைத்து இருவர் ஆடும், எதிராளியின் கொடியைப் பிடித்தால் வெற்றி என்ற பலகை ஆட்டம் ஸ்ட்ராடீகோ. அதில் கொடியை எங்கே வைத்தால் பாதுகாப்பு? 40 காய்களை எப்படி அடுக்குவது?

கொடிக்கு உங்கள் பக்கத்துக் கடைசி வரிசைதான் சரி. ஆனால் கொடி எங்கே இருக்கிறது என்பது பாதி விஷயம். மீதிப் பாதி, அதைச் சுற்றி என்ன நிற்கிறது என்பது.

ஆளுக்கு 40 காய். அவற்றில் 6 குண்டும் 1 கொடியும் நகராதவை. குண்டில் மோதும் காய் போய்விடும்; குண்டை அகற்றச் சுரங்கவீரனால் மட்டுமே முடியும். நகரக்கூடியவை 33. குண்டைக் கடைசி மூலையில் சேர்த்துக் கட்டினால் 2 குண்டிலேயே கொடியை அடைத்துவிடலாம், அதனால்தான் புதியவர்கள் எல்லோரும் மூலைக்குப் போகிறார்கள். எதிராளியும் முதலில் அங்கேதான் தேடுவார்.

நான் சொல்லும் அடுக்கு இது. இடமிருந்து 1 முதல் 10 என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் 8-இல் கொடி. அதே வரிசையில் 7, 9, கொடிக்கு நேர் முன்னால் இன்னொன்று என 3 குண்டு. பின்னாலிருந்து இரண்டாம் வரிசையில் 7-இல் ஒரு சார்ஜென்ட், 9-இல் ஒரு லெப்டினன்ட். இந்த இருவரும் ஆளுக்கு இரண்டு குண்டுகளைத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். எதிரியின் சுரங்கவீரன் எந்தக் குண்டை அகற்றினாலும் அந்தக் கட்டத்திலேயே வந்து நிற்க வேண்டும். கொடியை எடுக்க அவனுக்கு இன்னொரு முறை வேண்டும். அதற்குள் உங்கள் முறை வந்துவிடும். இப்போதைய பதிப்புகளில் பெரிய எண்தான் வெல்லும்: அவன் தரம் 3, சார்ஜென்ட் 4. வெட்டிவிடலாம். இந்தக் காவல் இல்லாத குண்டுச் சுவர் வெறும் சுவர்தான்.

இடது மூலையில் 2 குண்டு வைத்து, உள்ளே கொடிக்குப் பதில் ஒரு சார்ஜென்ட்டை அடைத்துவையுங்கள். குண்டை அகற்றிவிட்டு ஆசையோடு உள்ளே பாயும் சுரங்கவீரன் செத்துப்போவான். ஒரு காயை முடக்குகிறோமே என்று தோன்றும், ஆனால் எதிராளிக்கும் சுரங்கவீரர்கள் 5 பேர்தான். ஆறாவது குண்டை மூன்றாம் வரிசையில், துரத்தி வரும் கர்னலோ மேஜரோ மோதும் வழியில் வையுங்கள். நடுவில் இரண்டு ஏரிகள் இருப்பதால் கடக்க 3 வழிதான், ஒவ்வொன்றும் 2 கட்ட அகலம். ஒரு வழியைக் குண்டால் அடைத்தால் உங்கள் படைக்கும் அந்த வழி போய்விடும்.

அடிக்கடி நடக்கும் தவறு, சுரங்கவீரர்களை முன்வரிசையில் நிறுத்தி ஆரம்பத்திலேயே இழப்பது. ஐவரும் போய்விட்டால், குண்டால் முழுக்க அடைக்கப்பட்ட கொடியை உங்களால் எடுக்கவே முடியாது. 3 பேரையாவது கடைசி வரை பின்னால் வைத்திருங்கள். நேர்கோட்டில் பல கட்டம் ஓடக்கூடிய ஸ்கௌட் 8 இருக்கிறதே என்று எல்லாவற்றையும் முதல் பத்து நகர்த்தலில் செலவழிப்பதும் இதே வகைத் தவறு. பலகை காலியான பிறகுதான் ஸ்கௌட்டின் நீண்ட ஓட்டத்துக்கு மதிப்பு. ஒரு கட்டத்துக்கு மேல் ஓடினால் அது ஸ்கௌட் என்று தெரிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

உச்சத் தரமான மார்ஷலை ஒற்றன் வெட்டுவது தானே தாக்கினால் மட்டும்; மார்ஷல் முந்திக்கொண்டால் ஒற்றன் போய்விடும். எனவே ஒற்றனை ஜெனரலுக்கு ஒட்டியே கொண்டுபோங்கள். உங்கள் ஜெனரலை வெட்டிய மார்ஷல் அதே கட்டத்தில் வந்து நிற்கும், பக்கத்தில் இருக்கும் ஒற்றன் அடுத்த முறையிலேயே அதை முடித்துவிடும். மூலைவிட்டத்தில் நின்றால் பயனில்லை, நேர்ப்பக்கத்தில் நிற்க வேண்டும்.

மார்ஷல் என்ற உச்சப் பதவியும் காய்களின் சீருடையும் நெப்போலியன் காலத்தவை. ஆட்டத்தின் மூலம், பிரான்சில் எர்மான்ஸ் எடான் என்ற பெண்மணி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற 'லாத்தாக்'.

பெட்டியைத் திறந்ததும் எண்களைப் பாருங்கள். பழைய அமெரிக்கப் பதிப்பில் மார்ஷல் 1, இப்போதைய பதிப்புகளில் 10. ஸ்கௌட் ஒரே முறையில் ஓடித் தாக்கலாமா என்பதும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். முதல் காயை நகர்த்தும் முன்பே இரண்டையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.